பழைய ரூட்டருக்குப் புது ஃபர்ம்வேர்: நாமே தயாரிக்க முடியுமா?

புது பிராட்பேண்ட் திட்டத்துக்கு மாறினால் பெரும்பாலும் புது ரூட்டரும் கூடவே வந்துடும். பழையது? அலமாரிக்குள் போகும். இல்லாட்டி தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய் அங்கே வருஷக்கணக்கில் ஓடும்.

ஓடுவது பிரச்சினை இல்லை. தயாரிப்பு நிறுவனம் அதற்கு அப்டேட் கொடுப்பதை எப்போது நிறுத்தியது என்பதுதான் கேள்வி. 2018இல் 'விபிஎன்ஃபில்டர்' எனும் தீங்குநிரல் 54 நாடுகளில் குறைந்தது 500,000 ரூட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பாதித்தது. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆதரவு முடிந்துபோன ரூட்டர்களை ஊடுருவிகள் குறிவைப்பதாக எச்சரித்தது. வேறு யாரோ செய்யும் குற்றத்துக்கு உங்கள் வீட்டு இணைய முகவரி முகமூடியாகிவிடும்!

ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் இங்கேதான் கைகொடுக்கிறது.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

ரூட்டர் ஒரு குட்டிக் கணினி. சிப், மெமரி எல்லாம் உண்டு. அதை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். நிறுவனம் போட்டுத் தருவதை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தக்கூடிய ஒன்றைப் போடலாம். அதில் பலருக்கும் தெரிந்த பெயர் 'ஓப்பன்டபிள்யூஆர்டி'.

பெயரிலேயே கதை இருக்கிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் 'டபிள்யூஆர்டி54ஜி' ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை வைத்துப் பொருள் விற்றால், கேட்பவருக்கு அதன் மூலநிரலைத் தரவேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. நெருக்குதலுக்குப் பிறகு நிரல் வெளியானது. அதை அடித்தளமாக வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது.

என் ரூட்டருக்குப் பொருந்துமா?

முதலில் ரூட்டரைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது. வி1, வி2 என்ற பதிப்பு எண்ணும் வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். தவறான ஃபைலைப் போட்டால் ரூட்டர் உயிரில்லாத 'செங்கல்' ஆகிடும்.

பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் அநேகமாக விட்டுவிடுவது நல்லது. திறந்த டிரைவர் சரியாகக் கிடைப்பதில்லை. மீடியாடெக், குவால்காம் சிப் உள்ளவற்றில் வாய்ப்பு அதிகம். ஃபிளாஷ் சேமிப்பிடம் 16 எம்பி, ரேம் 128 எம்பி இருந்தால் நிம்மதி. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய ரூட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொன்று. நிறுவனத்தின் ஃபர்ம்வேர் சில வேலைகளைத் தனி வன்பொருளுக்குத் தள்ளிவிட்டு வேகம் காட்டும். திறந்த ஃபர்ம்வேரில் எல்லா ரூட்டருக்கும் அந்த வசதி இல்லை. 1 ஜிபிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மாற்றியபின் வேகம் குறைந்ததுபோலத் தெரிவது இதனால்தான்.

நாமே தயாரிப்பது எப்படி?

ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபைலைப் பதிவிறக்கம் செய்து போடுவது சுலபம். பலருக்கு அதுவே போதும். அப்புறம் ஏன் சொந்தமாகத் தயாரிக்கிறார்கள்? காரணம் இடநெருக்கடி.

ஃபர்ம்வேரின் அடிப்பகுதி நன்றாகச் சுருக்கப்பட்டு, மாற்ற முடியாதபடி ஃபிளாஷில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பிறகு சேர்ப்பதெல்லாம் அதன்மேல் இன்னோர் அடுக்கு. அடிப்பகுதியில் இருப்பதை 'நீக்கினாலும்' இடம் திரும்பக் கிடைக்காது. ஆனால் தயாரிக்கும்போதே வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை எடுத்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே சுருங்கிவிடும். விளம்பரத் தடுப்பு, வயர்கார்ட் விபிஎன், ஒருத்தர் பெரிய ஃபைலை அனுப்பும்போது மற்றவரின் கேம் திணறாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம்... இதெல்லாம் சிறிய ரூட்டரிலும் நுழைய வாய்ப்பு உண்டு. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அவை அப்படியே இருக்கும்.

இதற்கு 'இமேஜ் பில்டர்' எனும் கருவி இருக்கிறது. லினக்ஸ் கணினியில் இறக்கி, ரூட்டர் மாடலையும் வேண்டிய தொகுப்புகளின் பெயர்களையும் கொடுத்தால் சில நிமிடங்களில் ஃபைல் தயார். மூலநிரலிலிருந்தே எல்லாவற்றையும் உருவாக்கும் வழியும் உண்டு. அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். கணினியில் 10 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். கெர்னலைத் தொட்டு மாற்றும் எண்ணம் இல்லையென்றால் அது தேவையில்லை.

உங்கள் அமைப்புகளையும் உள்ளேயே வைத்துத் தயாரிக்கலாம். வசதிதான், ஆனால் வைஃபை கடவுச்சொல் அதில் மறைக்குறியாக்கம் இல்லாமல் அப்படியே இருக்கும். "எனக்கும் அந்த ஃபைல் அனுப்பேன்" என்று நண்பர் கேட்டால், கொடுக்காதீங்க.

போட்டபின் என்ன செய்வது?

லேன் கேபிளைக் கையில் வைத்திருங்கள். புதிதாகப் போடும்போது பொதுவாக வைஃபை அணைந்த நிலையிலும் நிர்வாகியின் கடவுச்சொல் காலியாகவும் இருக்கும். கடவுச்சொல்லை உடனே வைக்கவேண்டும். வைஃபை அமைப்பில் நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. வேகத்துக்காக வேறு நாட்டைப் போடும் 'டிப்ஸ்' வேண்டாம்.

சில நிறுவனங்கள் இணையத்தையும் டிவியையும் விலேன் எண்ணால் பிரித்து அனுப்புகின்றன. மாற்றுவதற்கு முன்பே பழைய ரூட்டரில் அந்த எண்ணைக் குறித்துவைக்காவிட்டால் இணையம் வராது. எண்ணைத் தேடவும் இணையம் இருக்காது!

பாதுகாப்பு யார் பொறுப்பு?

சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரூட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டவேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த முத்திரை நிறுவனத்தின் ஃபர்ம்வேரோடு வரும் ரூட்டருக்கானது. மாற்றிவிட்டால் அப்டேட் உங்கள் வேலை. உத்தரவாதமும் போகலாம். சேவை நிறுவனத்தை அழைத்தால் "பழைய ரூட்டரை மாட்டிப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள்.

திறந்த நிரல் என்பதால் ஓட்டையே இல்லை என்று நினைக்கக்கூடாது. 2024 டிசம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் அப்டேட் சேவையில் கடுமையான குறை ஒன்று தெரியவந்தது. ஃபைலை அடையாளம் காட்டும் 64 எழுத்துக் குறியீட்டை அந்தச் சேவை 12 எழுத்தாகச் சுருக்கியிருந்தது. அதனால் ஒருவர் கேட்ட ஃபைலுக்குப் பதில் தீங்கான வேறொன்றைக் கொடுக்க வழி இருந்தது. ஆய்வாளர் ஒருவர் தெரிவித்த சில மணி நேரத்தில் சரிசெய்து, நடந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். எல்லா நிறுவனங்களும் இப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை.

வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் ரூட்டரில் பரிசோதனை வேண்டாம். அலமாரியில் இருப்பதில் தொடங்குங்கள். பயமாக இருந்தால், அந்தத் திட்டமே 2024இல் வெளியிட்ட 'ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்' ரூட்டர் இருக்கிறது. வெளியானபோது விலை 89 அமெரிக்க டாலர். மீட்புக்கென்றே தனி ஃபிளாஷ் வைத்திருப்பதால் அதைச் 'செங்கல்' ஆக்குவது கஷ்டம்.