உண்டியல்: தாளும் பெட்டியும்

செட்டிநாட்டு வட்டிக்கடை வழக்கில் உண்டியல் என்பது ஒரு தாள். இரங்கூனிலோ பினாங்கிலோ கட்டிய பணத்தைக் கோட்டையூரிலோ காரைக்குடியிலோ கொடுக்கச் சொல்லும் எழுத்து அது. கண்டவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டியல். நாள் குறித்து எழுதியது தவணை உண்டியல். கோயிலில் காணிக்கை போடும் பெட்டிக்கும் இதே பெயர்.

உண்டி கொடுக்கும் அறத்துக்குக் காசு சேர்த்த பெட்டியே உண்டியல் என்றும், தாள் பின்னர் அப்பெயரைப் பெற்றது என்றும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. கேட்க இனிமை, சான்றுதான் இல்லை. புறநானூற்றின் 18ஆம் பாட்டிலும் மணிமேகலையிலும் உண்டி வெறும் சோறு. 'உண்டு + இயல்' என்று பிரிப்போருக்கு மறுமொழி வேண்டியதில்லை.

தாளின் பெயர் வடக்கிலிருந்து வந்தது. காசுமீரத்துக் கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய இராசதரங்கிணியில் 'ஹுண்டிகா' உண்டு. குசராத்தி, மார்வாடி வணிகர் வாயில் அது ஹுண்டி. ஹிந்து இந்து ஆனதுபோல ஹுண்டி உண்டி ஆயிற்று. சோற்றைக் குறிக்கும் உண்டி முன்பே இருந்ததால், மயக்கம் தீர 'உண்டியல்' என நீண்டிருக்கலாம்.

பெட்டியின் பெயர் வேறு குடும்பமாகலாம். உண்டை, உண்டைக்கட்டி, உண்டிவில் எல்லாம் உருட்சி பற்றி வந்தவை. பிள்ளைகள் காசு சேர்க்கும் மண் உண்டியலைப் பார்த்தாலே போதும்: ஒரு கீறல் வாயுள்ள உருண்டை.

மீண்டும் தாளுக்கு வருவோம். அரசு நோட்டுகள் தோற்றத்தால் பட்டப்பெயர் பெறுவதுண்டு. 1860களின் அமெரிக்க நோட்டு, பின்புறத்துப் பச்சை மையால் 'கிரீன்பேக்' ஆனது. மலாயாவில் ஜப்பானியர் அடித்த 10 வெள்ளி நோட்டுக்கு அதிலிருந்த வாழைமரமே பெயர் தந்தது. 1945இல் அது செல்லாக்காசு. மடிப்புக் கலையாத நோட்டு நம்மூரில் சலவை நோட்டு. உண்டியலுக்குப் படமோ நிறமோ பெயர் தரவில்லை. எழுதிய கடையின் விலாசமே அதன் மதிப்பு. நோட்டு வெளியிடும் உரிமையை 1861இல் அரசு தன்னிடமே வைத்துக்கொண்ட பிறகும் அது ஓயவில்லை. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், நாட்டு மொழிகளில் எழுதிய இத்தகைய தாள்களின் வழக்கத்தை முதற் பிரிவிலேயே தொடாமல் விட்டது.

வங்கிக்கு வெளியே பணம் அனுப்புவதை ஈழத்தமிழர் இன்றும் உண்டியல் என்றே சொல்கிறார்கள். அங்கே பெட்டியும் இல்லை, சோறும் இல்லை.