புளியும் பேரீந்தும்

தமிழிலே ‘புளி’ என்னும் சொல் ஒரு மரத்தையும், அம்மரத்தின் கனியையும், அறுசுவையுள் ஒன்றையும் ஒருங்கே குறித்து நிற்கிறது. இம்மூன்றனுள் எது முந்தியது என்று ஆராயப் புகுந்தால் இனமொழிகளே முதற்சாட்சிகளாய் வந்து நிற்கின்றன. கன்னடத்தார் புளிப்பை ‘ஹுளி’ என்பர். மரத்தையோ ‘ஹுணசெ’ என்பர். தெலுங்கர் புளிப்பைப் ‘புலுபு’ என்றும், மரத்தைச் ‘சிந்த’ என்றும் வழங்குவர். சுவையின் பெயர் எல்லார்க்கும் பொதுவாயிருக்க, மரத்தின் பெயர் மாத்திரம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதை நோக்கும்போது, சுவைப்பெயரே மூலமென்றும், தமிழரும் மலையாளத்தாரும் அதனைப் பின்னர் மரத்துக்கும் கனிக்கும் ஏற்றிக்கொண்டனர் என்றும் கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இம்மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று தாவர சாஸ்திரிகள் சொல்லுவதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது; புளிப்பு என்னும் ருசி, இந்த மரம் நம் மண்ணில் வேரூன்றுவதற்கு முன்னும் நாவறிந்த பொருளாகவே இருந்திருக்க வேண்டும்.

ஒரே சொல் இப்படி இரண்டு வேலை செய்வதால் நேரும் மயக்கத்தை நம் இலக்கணிகள் நன்கு உணர்ந்திருந்தார்கள். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில் மரப்பெயராகிய புளிக்கு ஒரு விதியும், மற்றைப் புளிக்கு வேறொரு விதியும் வகுத்திருக்கிறார். மரத்தைக் குறிக்குங்கால் ‘அம்’ என்னும் சாரியை இடையே வந்து ‘புளியங்கோடு’ என்றாகும். சுவையைக் குறிக்குங்கால் சாரியை வாராது. மெல்லெழுத்து மிக்குப் ‘புளிங்கூழ்’ என்றாகும். வல்லெழுத்து மிகினும் குற்றமில்லை. நன்னூலாரும் சுவைப்புளி என்று தனியே பெயரிட்டு இவ்விதியைப் போற்றினார். உரைகாரர்கள் ‘புளிங்கறி’, ‘புளிக்கறி’ என்று உதாரணம் காட்டினார்கள். ஒரு சமையற் பண்டத்துக்காக இலக்கண நூலில் இத்தனை சூத்திரம் செலவிடப்பட்டதை எண்ணும்தோறும் எனக்கு உவகை மிகுகிறது. சேலம் ஜில்லாவில் எழுத்தறியாத கிழவியும் இன்றைக்கும் ‘புளியங்கொட்டை’, ‘புளியம்பூ’ என்றுதான் சொல்லுவாள். அவளே ‘புளிக்குழம்பு’ என்பாளேயன்றிப் ‘புளியங்குழம்பு’ என்று மறந்தும் சொல்லமாட்டாள்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அடுப்பங்கரைக்குள் புகுந்த மாத்திரத்தில் புளி கனியாக இருப்பதை விட்டுச் சுவையாகிவிடுகிறது. நாம் அதனை ஊறவைக்கிறோம், கரைக்கிறோம், பிழிகிறோம். நாரையும் கோதையும் சக்கையாக எறிந்துவிட்டுப் புளித்தண்ணீரை மாத்திரம் சட்டியில் ஊற்றுகிறோம். மாம்பழத்தையும் பலாவையும் போல இதுவும் ஒரு பழம் என்ற நினைவு சமைப்பவர்க்கும் இல்லை, உண்பவர்க்கும் இல்லை. கன்னடத்தில் ‘ஹுளி’ என்றும், தெலுங்கில் ‘புலுசு’ என்றும் குழம்புக்கே பெயர் வந்துவிட்டது. இவ்விரு மொழிகளையும் வீட்டில் பேசுவோர் பலர் வாழும் இந்தச் சேலத்துச் சீமையில் அடுத்தடுத்த வீடுகளில் குழம்பென்றும் ஹுளியென்றும் புலுசென்றும் கொதிக்கும் பதார்த்தங்கள் அத்தனையிலும் கரைந்திருப்பது அந்த ஒரே பழந்தான்.

அராபியர் கண்ணில் பட்டதோ சுவையன்று, கனி. அவர்கள் இதற்கு ‘தம்ர் ஹிந்தி’ என்று பெயரிட்டார்கள். ‘தம்ர்’ என்பது பேரீச்சம்பழம், ‘ஹிந்தி’ என்பது இந்தியாவைச் சார்ந்தது. இப்பெயரே ஐரோப்பாவுக்குச் சென்று லத்தீனில் ‘தமரிந்துஸ்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தின் ‘டாமரிண்ட்’ ஆயிற்று. கோவாவில் வாழ்ந்த போர்த்துகேசிய வைத்தியர் கார்சியா டா ஓர்ட்டா 1563-இல் அச்சிட்ட தமது சம்பாஷணை நூலிலே, மலபாரில் இதனைப் ‘புலி’ என்பார்கள் என்று குறித்துவிட்டு, மரமோ கனியோ பேரீச்சையை ஒத்திருப்பதால் இப்பெயர் வரவில்லை, உள்ளே கொட்டை இருத்தல் பற்றியே வந்தது என்று காரணம் கூறினார். அவர் சொன்னது முழுக் காரணம் ஆகாது என்பது என் அபிப்பிராயம். அராபிய வணிகர்க்கு இப்பண்டம் மரத்தில் தொங்கும் காயாகவா போய்ச் சேர்ந்திருக்கும்? ஓடு நீக்கி, அமுக்கி, கருத்து ஒட்டிக்கொண்ட பிண்டமாகத்தான் போயிருக்கும். அழுத்தி அடைத்த பேரீச்சம்பழமும் அவ்வுருவினதே. பிற்காலத்தில், 1753-இல், லின்னேயஸ் பண்டிதர் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வகுத்தபோது இதனைத் ‘தமரிந்துஸ் இந்திகா’ என்று எழுதிவைத்தார். ஆப்பிரிக்க மரம் ஒன்று தன் பெயரிலேயே இரண்டு முறை இந்தியப் பிரஜையாகிவிட்டது!

பெயரில் மாத்திரமன்றிப் பொருளிலும் புளிக்கும் பேரீச்சைக்கும் உள்ள இந்த உறவுக்கு ஆதாரம் உண்டு. புளியின் சதையில் டார்டாரிக் அமிலம் மிகுதியாக இருப்பது யாவரும் அறிந்ததே. அவ்வமிலத்தைக் காட்டிலும் சர்க்கரைப் பொருள் எடையில் அதிகம் என்பதை அறிந்தோர் சிலரே. அந்த இனிப்பைப் புளிப்பு மூடி மறைக்கிறது. எகிப்திலும் சிரியாவிலும் ரமலான் மாதத்தில் இப்பழத்தைக் கரைத்துச் சர்க்கரையிட்டுக் குளிர்ந்த பானமாகப் பருகுவது வழக்கம். நாமும் கோடையில் புளியும் வெல்லமும் கரைத்துப் பானகம் செய்கிறோமல்லவா? அந்த ஓரிடத்தில் நம்மவரும் அராபியரும் புளியைக் கனியாகவே நடத்துகிறோம்.

இனி மறுதலையாக, அவர்களுடைய தம்ருக்கு நாம் என்ன பெயரிட்டோம் என்று பார்க்கலாம். நம் குன்றோரங்களில் தானே வளரும் ஈச்சமரத்துக்கு ‘ஈந்து’ என்பது பழம்பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டதாகக் காண்கிறோம். கடல் கடந்து வந்த கனி அதே இனத்தது, ஆயின் பெரியது; ஆகவே ‘பேரீந்து’ ஆயிற்று, ‘பேரீச்சை’ ஆயிற்று. அவர்கள் நம் கனியைத் தங்கள் பழத்தால் அளந்தார்கள். நாம் அவர்கள் கனியை நம் ஈந்தால் அளந்தோம். மணத்தக்காளிக்கும் அதன் இனத்துச் சிறு கனிகளுக்கும் உரியதாயிருந்த ‘தக்காளி’ என்னும் பெயரை, அமெரிக்காவிலிருந்து வந்த செங்கனிக்குத் தூக்கிக் கொடுத்ததும் இந்த மரபினாலேதான்.

பெயர் இருக்கட்டும்; இனி அடுப்புக்கு வருவோம். மொராக்கோ தேசத்தார் ஆட்டிறைச்சியைப் பேரீச்சம்பழம், உலர்த்திய பிளம்ஸ், ஆப்ரிகாட் முதலிய கனிகளோடு வேகவைத்து உண்பது இந்தக் கனிகளின் சரித்திரத்தில் ஒரு விசேஷமான அத்தியாயம். அப்பதார்த்தத்துக்குத் ‘தாஜின்’ என்று பெயர். உண்மையில் அது பாத்திரத்தின் பெயர். கிரேக்கர் வறையோட்டுக்கு வழங்கிய ‘தாகெனோன்’ என்பதன் அராபிய வடிவம். அகன்ற மண்தட்டும் அதன்மேல் கூம்பாக உயர்ந்த மூடியும் கொண்ட அதில், எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் குளிர்ந்து மீண்டும் இறைச்சிமேலேயே வடிவதால் சிறிது நீரே போதுமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, 1226-இல், பாக்தாதில் தொகுக்கப்பட்ட சமையல் நூலொன்றில் இறைச்சியை ஆப்ரிகாட்டோடும், மாதுளையோடும், ஆப்பிளோடும் சமைக்கும் முறைகள் அந்தந்தக் கனியின் பெயராலேயே வழங்கப்பட்டிருக்கின்றன.

கறியில் பழமா என்று முகம் சுளிப்பவர்கள் நம் ஊர்த் தாளிச்சாவை மறந்தவர்கள். முஸ்லிம் இல்லங்களில் நெய்ச்சோற்றோடு பரிமாறும் அந்தக் குழம்பில் ஆட்டெலும்பும், பருப்பும், மாங்காயும், புளியும் ஒன்றாக வேகின்றன. பருப்பைக் குறிக்கும் ‘தால்’ அடியாகப் பிறந்த ‘தால்சா’வைத் தமிழ்ச் செவி ‘தாளித்தல்’ என்னும் தன் வினையோடு சேர்த்துக்கேட்டுத் ‘தாளிச்சா’ ஆக்கிக்கொண்டது.

சேலம் ஜில்லா மேச்சேரியில் இருப்பவர்க்குத் தாஜின் செய்வதில் பிரயாசை ஒன்றுமில்லை. ஊரின் பெயரையே தாங்கிய மேச்சேரி ஆடு, கம்பளியின்றிக் குறுமயிர் போர்த்து, கொம்பில்லாத தலையும் வெளிர்பழுப்பு மேனியுமாய், இறைச்சிக்கும் தோலுக்கும் ஒருசேரப் பெயர்பெற்றது. அவ்வினத்தைப் பேணுவதற்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடைபெற்று வருகிறது. ‘கறி எடுத்து’ வந்தபின், அடி கனத்த மண்சட்டியில் அரைக் கிலோ கறிக்கு இரண்டு பெரிய வெங்காயம், இஞ்சி, பட்டை, மஞ்சள், மிளகு, கிடைத்தால் சிறிது குங்குமப்பூ இவற்றைச் சேர்த்து, ஒரு தம்ளருக்கு மேற்படாத நீர் விட்டு, கனமான மூடியிட்டு, மெல்லிய தீயில் ஒன்றரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். குழம்பு வைக்கும் பழக்கத்தால் கை தானே மிளகாய்த் தூளைத் தேடும். அதை அடக்கியாக வேண்டும். நீர் வற்றினால் வெந்நீரே விடத்தக்கது. பேரீச்சம்பழத்தை முதலிலேயே போட்டால் கரைந்து பாகாகிவிடுமாதலால், கறி எலும்பை விட்டு நழுவும் பதத்தில் பத்துப் பழத்தைக் கொட்டை நீக்கி இட்டுக் கால் மணி நேரத்தில் இறக்கி, வறுத்த எள்ளும் பாதாம்பருப்பும் தூவவேண்டும்.

இவ்வளவோடு நிறுத்தினால் தமிழ் நாவுக்குத் தித்திப்பு மேலோங்கி நிற்கும். மொராக்கோவில் உப்பிட்டு ஊறவைத்த எலுமிச்சையைக் கறியில் இடும் மரபும் உண்டு. நம் வீட்டில் அதன் ஸ்தானத்தில் இருக்கத்தக்கது புளியே. ஆயினும் கரைத்து ஊற்றவேண்டாம். பானையில் உப்பிட்டு அடைத்துவைத்து ஓராண்டு கடந்து கருத்த பழம்புளியில் நெல்லிக்காயளவு எடுத்து, கொட்டையும் நாரும் போக்கி, சதையைச் சதையாகவே பேரீந்தோடு கூட்டிப் பிசைந்து சட்டியில் இடுவதே முறை. பழம்புளியில் துவர்ப்பும் வேகமும் தணிந்திருப்பதால் உள்ளே மறைந்திருந்த இனிப்பு வெளிப்பட்டுப் பேரீந்தின் இனிப்போடு ஒன்றுபடுகிறது. இப்படி ஆக்கியதை நான் ‘புளிங்கறி’ என்று அழைக்க மாட்டேன். அது கரைத்து ஊற்றிய சுவைக்கு உரிய பெயர். மரத்துக் கனியாகவே சட்டியில் இறங்கிக் கனியாகவே வெந்த இதற்குத் தொல்காப்பியர் தந்த சாரியையைக் கூட்டிப் ‘புளியங்கறி’ என்பதே தகும்.