திங்கள்தோறும் ஒரு திங்கள்



தமிழிலே ‘திங்கள்’ என்னும் சொல் பல பொருள் உடையது. வானத்து மதியும் திங்கள், மாதமும் திங்கள், ஞாயிற்றை அடுத்து வரும் கிழமையும் திங்கள். இன்று நான் கூறப் புகும் வரலாறு பின்னிரண்டு பொருளையும் ஒருங்கே தழுவியது. இங்கிலாந்து தேசத்தின் நடுப்பகுதியிலே, நார்த்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த சிறிய பாப்டிஸ்டு சபைகள் சில, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமையன்று ஒரு மணி நேரம் கூடி ஜெபிப்பது என்று 1784-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீர்மானித்தன. அந்த ஒரு மணி நேரம் எங்கெங்கே கொண்டு சென்றது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அம்மக்கள் யார் என்பதை அறிந்து கொள்ளுதல் வேண்டும். பாப்டிஸ்டுகள் என்போர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பதில்லை. ஒருவன் வளர்ந்து, தானே உணர்ந்து, தன் நம்பிக்கையை வாயினால் அறிக்கை செய்த பின்னரே அவனை நீரில் முழுகச் செய்து சபையிலே சேர்ப்பார்கள். இதன் உட்பொருள் ஆழமானது. பிறப்பினால் எவனும் சபையான் ஆகான். தன் மனம் ஒப்பியே ஆக வேண்டும். ஆகவே அவர்களுடைய சபை, மனம் ஒப்பியவர்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு அமைத்த ஒரு கூட்டம். அதற்கு மேலதிகாரியாக அத்தியட்சர் இல்லை. போதகரை அமர்த்துவதும் விலக்குவதும், அங்கத்தினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்தச் சிறு கூட்டத்தின் கையிலேயே இருந்தன.

நாட்டிலோ அவர்களுக்குப் பெருமை இல்லை. 1689-ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம் தங்கள் முறைப்படி வழிபட அவர்களுக்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்கள் நகராட்சிப் பதவிகளை வகிப்பதற்கு இருந்த சட்டத் தடை 1828-இல்தான் நீங்கியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கேம்பிரிட்ஜ் பட்டம் அளிக்கவில்லை. 1753-ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி அவர்கள் மணம் செய்துகொள்வதற்கும் ஊர்ப் பங்குக் கோயிலுக்கே செல்ல வேண்டியிருந்தது. நெசவு செய்வோரும், செருப்புத் தைப்போரும், சிறு வணிகரும், வேலைக்காரப் பெண்களுமே இத்தகைய சபைகளில் மிகுதியாக இருந்தனர்.

இவர்களுடைய வாழ்க்கைக்கு மாதமே அளவுகோலாக விளங்கிற்று. ஞாயிறுதோறும் பிரசங்கம் உண்டு. ஆயினும் திருவிருந்தைப் பல சபைகள் மாதம் ஒருமுறையே ஆசரித்தன. அதற்கு முன்னோ பின்னோ சபைக் கூட்டம் நடைபெறும். புதிதாகச் சேர விரும்புவோர் அங்கே எழுந்து, தங்கள் உள்ளத்தில் இறைவன் நடத்திய செயலைத் தம் சொல்லாலேயே சொல்ல வேண்டும். குடித்துத் தடுமாறியவன், கடனைத் திருப்பாதவன், அண்டை வீட்டானோடு வழக்காடியவன், திருவிருந்துக்கு வாராதிருந்தவன் ஆகியோரைப் பற்றிய பேச்சும் அங்கேயே எழும். இருவர் சென்று அவரைக் கண்டு பேசி வருமாறு சபை பணிக்கும். அடுத்த மாதம் அவர்கள் வந்து அறிவிப்பார்கள். ஒருவர் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தால், அவ்வூர்ச் சபைக்குக் கடிதம் கொடுத்து ஒப்படைப்பார்கள். நம் பள்ளிகளில் வழங்கும் மாற்றுச் சான்றிதழ் போன்றது அது. நடந்தவை யாவும் சபைப் புத்தகத்தில் எழுதப்பெறும்.

பதிவேடுகளோடும் கூட்டக் குறிப்புகளோடும் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். ஒரு நிறுவனத்தின் உண்மையான இயல்பை அதன் ஆண்டு விழாச் சொற்பொழிவிலே காண இயலாது. கூட்டக் குறிப்பிலே காணலாம் என்பது என் துணிபு. ஆல்னி என்னும் சிற்றூரின் பாப்டிஸ்டு சபைப் புத்தகம் அதற்குச் சிறந்த சான்று.

அப்புத்தகத்திலே 1785-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் ஓர் இளைஞனின் விண்ணப்பம் ஆராயப்படுகிறது. அவன் பெயர் வில்லியம் கேரி. 1761-இல் பாலர்ஸ்பரி என்னும் கிராமத்தில் பிறந்தவன். செருப்புத் தைக்கக் கற்றவன். 1783-ஆம் ஆண்டு அக்டோபரில் நார்த்தாம்ப்டன் நகரில் நேன் ஆற்றிலே முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவன். முறையான ஒரு சபையினால் அனுப்பப்பெற்றுப் போதகத் தொழிலில் ஈடுபட வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். அன்று முடிவு எட்டப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தனர். ஜூலை 14-இல் அவன் நேரில் வந்து தன் அனுபவத்தைச் சொல்ல, அங்கத்தினனாகச் சேர்த்துக்கொண்டனர். மூன்று நாள் கழித்துச் சபை முன் பிரசங்கம் செய்தான். அதன் பின்னரும் சபையார் இசைவு தந்துவிடவில்லை. இன்னும் சில காலம் சோதித்துப் பார்ப்போம் என்றே எழுதி வைத்தனர். மறு ஆண்டு ஜூனில்தான் ஒருமனப்பட்டுத் தீர்மானித்தனர். 1786 ஆகஸ்டு 10-இல் முறைப்படி அனுப்பினர். பதினான்கு திங்கள் கடந்துவிட்டன!

பிற்காலத்தில் உலகறிந்த ஒருவரை அச்சிற்றூர்ச் சபை இவ்வாறு எடை போட்டது. அவசரமும் இல்லை, அவமதிப்பும் இல்லை. பெரும் படிப்பில்லாத மக்கள் ஒன்றுகூடி, ஒருவனுடைய தகுதியைக் கேட்டு, பொறுத்து, மீண்டும் கேட்டு முடிவு செய்தனர். பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லாத ஏழைகள் தங்கள் சபைக் கூட்டத்திலே தன்னாட்சியின் அரிச்சுவடியைக் கற்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். ஆல்னி சபையின் போதகர் ஜான் சட்கிளிப் என்பவர். அமெரிக்க அறிஞர் ஜானதன் எட்வர்ட்ஸ் என்பவர் பல நாட்டுக் கிறிஸ்தவர்களும் குறித்த காலத்தில் ஒருமித்து ஜெபிக்க வேண்டும் என்று வற்புறுத்தி எழுதிய சிறுநூல் ஒன்று, 1784-இல் ஸ்காட்லாந்திலிருந்து அவருடைய நண்பர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு நாட்டிங்காமில் கூடிய நார்த்தாம்ப்டன்ஷயர் சபைகளின் சங்கத்திலே சட்கிளிப் ஜெப நேரத் திட்டத்தை முன்மொழிந்தார். சங்கம் ஒருமனதாக ஏற்றது. அவர்கள் தங்கள் சபைக்காக மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை. பிற பிரிவினரையும் நினைக்க வேண்டும், உலகின் மிகத் தொலைவான பகுதிகளையும் நினைக்க வேண்டும் என்று அச்சங்கம் அறிவுறுத்தியது. தம் மாவட்டத்துக்கு அப்பால் சென்றறியாத மக்கள், மாதந்தோறும் ஒரு மணி நேரம் உலகத்தையே எண்ணியிருக்கப் பழகினர்.

இது எளிய மாற்றம் அன்று. அக்காலத்தில் அப்பிரிவினர் பலரிடம் கடுமையான ஒரு கொள்கை வேரூன்றியிருந்தது. மீட்கப்பட வேண்டியவர்களை இறைவனே முன்குறித்துவிட்டான். ஆகவே எல்லாரையும் நோக்கி ‘நம்புங்கள்’ என்று அழைப்பது போதகரின் வேலையன்று என்பது அக்கொள்கை. கெட்டரிங் சபையின் போதகர் ஆண்ட்ரூ புல்லர் 1785-இல் நூல் ஒன்று வெளியிட்டு இதனை மறுத்தார். கேட்கும் ஒவ்வொருவருக்கும் நம்ப வேண்டிய கடமை உண்டு, அழைக்க வேண்டிய கடமை போதகருக்கு உண்டு என்று நிறுவினார். நூல் அறிவைத் திறந்தது. மாத ஜெபம் நெஞ்சைத் திறந்தது எனலாம்.

கேரி 1785-இல் மோல்ட்டன் கிராமத்துக்கு ஆசிரியராக வந்தார்; 1787-இல் அங்கே போதகராகவும் ஆனார். பழைய ஆசிரியர் ஊருக்குத் திரும்பவே இவருடைய பள்ளி குன்றியது. சபை கொடுத்த சிறு ஊதியம் போதாமையால் மீண்டும் செருப்புத் தைத்தார். தாள்களை ஒட்டித் தாமே வரைந்த பெரிய உலகப் படம் ஒன்று அவருடைய தொழிற்கூடச் சுவரில் தொங்கிற்று. ஒவ்வொரு நாட்டின் மக்கள் தொகையும் சமயமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. அதைக் கண்ட புல்லர் பின்னாளில் அதனை நினைவு கூர்ந்து எழுதியிருக்கிறார். பூகோளம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அப்படத்தின் மீது தனி அன்பு உண்டு. உலகத்தை எண்ணி ஜெபிக்க வேண்டுமாயின், உலகம் எத்தகையது என்று தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

1792-இல் கேரி தம் கருத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். அதிலே ஒரு பகுதி என் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை அடிமைகளின் துன்பத்தால் விளைவது என்பதற்காகப் பல குடும்பத்தார் அப்போது அதனை உண்ணாது விட்டிருந்தனர். அவர்கள் இரத்தப் பழியினின்று கைகளைக் கழுவிக்கொண்டதோடு, வாரம் ஆறு பென்சோ ஒரு ஷில்லிங்கோ மிச்சமும் பிடித்தனர் என்று கேரி சுட்டிக் காட்டுகிறார். வாரம் ஒரு பென்னி கொடுத்தாலும் போதும், நற்பணிக்குப் பொருள் சேரும் என்று கணக்கிடுகிறார். நம்பிக்கை அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது!

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங்கில், ஒரு கைம்பெண்ணின் வீட்டுப் பின்னறையிலே, சிலர் கூடித் தொண்டுச் சங்கம் ஒன்றை நிறுவினர். அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். எட்டு ஆண்டு ஜெபத்தின் விளைவு அத்தொகை. 1795-இல் லண்டன் மிஷன் சங்கமும், 1799-இல் சர்ச் மிஷன் சங்கமும் தோன்றின. அவற்றுள் முன்னது அனுப்பிய ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். பின்னதைச் சார்ந்த இரேனியஸ் 1820-இல் திருநெல்வேலிக்கு வந்தார். நம் தென்னாட்டுப் பள்ளிக்கூட வரலாற்றை எழுதுவோர் இவ்விருவரையும் விடுத்து எழுத இயலாது. கெட்டரிங்கிலே 1803-இல் பிறந்த வில்லியம் நிப் என்பவர் ஜமெய்க்காவுக்குச் சென்று அடிமை முறையின் கொடுமையை எதிர்த்துப் போராடினார். 1838-இல் அத்தீவின் அடிமைகள் முழு விடுதலை அடைந்தபோது, அன்று சர்க்கரையை விட்ட சிறுமக்களின் நோன்பும் வீண் போகவில்லை என்று நாம் எண்ணலாம்.

ஆயினும் வரலாறு கூறுவோன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுதல் முறையன்று. கேரியின் மனைவி டாரதி, 1781-இல் மணம் புரிந்தபோது கையெழுத்திட அறியாமல் சிலுவைக் குறி இட்டவர். தாம் பிறந்த வட்டாரத்தைத் தாண்டாத அவ்வம்மையார், வங்காளத்துக்கு வர முதலில் மறுத்தார். 1793 மே மாதத்தில் குழந்தை பிறந்த சில வாரங்களில், பலர் வற்புறுத்திய பின்னரே, தங்கையைத் துணைகொண்டு கப்பலேறினார். மறு ஆண்டே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். தாயின் சித்தம் கலங்கிற்று. 1807-இல் இறக்கும் வரை தெளியவில்லை.

மனம் ஒப்பாத எவரையும் நீரில் இறக்காத மக்கள் அவர்கள். ஓர் இளைஞனின் தகுதியைப் பதினான்கு மாதம் ஆராய்ந்தவர்கள். அந்தப் பொறுமையிலே ஒரு சிறு பங்கேனும் டாரதியின் மனத்தை அறிவதற்குச் செலவிட்டிருக்கலாகாதா? அவருடைய இசைவு சில மணி நேரத்துள் பெறப்பட்டது. தொலைவிலுள்ள நாடுகளை எண்ணி ஜெபித்தவர்களுக்கு அடுப்படியிலே நின்ற பெண்ணின் அச்சம் தொலைவாகிப் போயிற்று. இதனைச் சொல்வது அவர்களுடைய தொண்டைச் சிறுமைப்படுத்துவதற்கு அன்று. அவர்கள் கைக்கொண்ட அளவுகோலையே அவர்களுக்கும் வைத்துப் பார்க்கிறோம். அவர்களும் அதனை மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

அன்பர்களே! பெருஞ்செயல்கள் ஒரு நாள் எழுச்சியால் நிகழ்கின்றன என்று இளைஞர் கருதுவது இயல்பு. குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஆள் குறைந்தாலும் மழை பெய்தாலும் கூடுவோம் என்று சிலர் உறுதி கொண்டு அதனைத் திங்கள்தோறும் நிறைவேற்றுவதில் உள்ள வலிமை எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை. நார்த்தாம்ப்டன்ஷயர் மக்கள் அவ்வலிமையை அறிந்திருந்தனர். அவர்கள் கூடிய அறை சிறியது. மாதத்தில் அவர்கள் ஒதுக்கிய நேரம் ஒரு மணி. அந்த அறையில் எல்லார் மனமும் கேட்கப்பட்டதா என்னும் வினாவையும் சேர்த்தே அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளுதல் தகும்.