சின்னப் பிள்ளைகளும் ஏறும் சிகரம் - ஆல்ப்ஸ் மலை நடையின் கதை

எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் ஓர் உச்சிக்கு ஏறி, பொழுது சாய்வதற்குள் கீழே வந்துவிட முடியுமா? இன்று சுவிட்சர்லாந்தில் இது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ரொட்டி, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் 250 வருடங்களுக்கு முன்பு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் ஊரே சிரித்திருக்கும். மலையின் உயரம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அப்படியானால் மாறியது எது?

வீரர்களின் காலம்

1760இல் ஜெனிவாவைச் சேர்ந்த சோசூர் என்ற அறிவியலாளர், மோன் பிளாங் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 4,800 மீட்டருக்கும் மேல் உயரமான அந்தச் சிகரத்தில் மனிதன் கால் வைக்க மேலும் 26 வருடங்கள் ஆயின. 1786 ஆகஸ்ட் 8 அன்று பக்கார் என்ற மருத்துவரும் பல்மா என்பவரும் ஏறினார்கள். 1808இல் சமோனி கிராமத்தைச் சேர்ந்த மரி பரடி என்ற ஏழைப் பெண் அதே சிகரத்தை அடைந்து, அங்கு ஏறிய முதல் பெண் ஆனார்.

அதன் பிறகு மலையேற்றம் ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. 1857இல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியது. 1865 ஜூலை 14 அன்று விம்பர் தலைமையில் ஏழு பேர் முதன்முதலாக மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார்கள். வெற்றி கிடைத்தது... ஆனால் இறங்கும்போது ஒருவர் கால் சறுக்கியது, கயிறு அறுந்தது, நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். ஏறுவது பாதி வேலைதான், பத்திரமாக இறங்குவதுதான் மீதி என்பதை ஐரோப்பா முழுவதும் அன்று உணர்ந்தது.

ரிகி என்ற எளிய மலை

இந்த வீரக் கதைகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. லூசர்ன் ஏரிக்கரையில் நிற்கும் ரிகி மலையின் உயரம் 1,798 மீட்டர்தான். பனிப்பாறை கிடையாது, கயிறும் தேவையில்லை. மலைமேல் இருந்த மாதா கோயிலுக்குப் பக்தர்கள் வெகு காலமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். 1816இல் உச்சியிலேயே ஒரு விடுதி வந்தது. சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் வரத் தொடங்கியது. நடக்க முடியாதவர்களைக் குதிரையிலும் நாற்காலிப் பல்லக்கிலும் ஏற்றிச் சென்றார்கள். 1868இல் விக்டோரியா மகாராணியே வந்து போனார்.

1871 மே மாதம் ரிகியில் ரயில் ஓடியது. ஐரோப்பாவின் முதல் மலை ரயில் இதுதான். நிக்லாஸ் ரிகென்பாக் என்ற பொறியாளர் தண்டவாளங்களுக்கு நடுவே ஏணி போன்ற ஒரு பல் தண்டவாளத்தைப் போட்டு, அதைப் பற்றிக்கொண்டு ஏறும் பல் சக்கரத்தை எஞ்சினில் பொருத்தினார். அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் பின்னர் உருவாக்கிய முறையில்தான் நம் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயிலும் 1899 முதல் ஓடுகிறது!

அதே 1871இல்தான் லூசி வாக்கர் மேட்டர்ஹார்னில் ஏறிய முதல் பெண் ஆனார். ஒரு பக்கம் உயிரைப் பணயம் வைத்து ஏறும் சாதனை. இன்னொரு பக்கம் பாட்டியும் பேரனும் டிக்கெட் வாங்கி ஏறும் வசதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டியிருந்தது. சொந்தக் காலில் நடக்க வேண்டும், ஆனால் ஆபத்தும் கூடாது. அந்த வழி வர இன்னும் 60 வருடங்கள் ஆயின.

ஆசிரியர் செய்த வேலை

1930களின் தொடக்கத்தில் யோஹான் யாக்கோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களை க்ளாவ்சன் கணவாய்ச் சாலையில் நடைப்பயணமாக அழைத்துச் சென்றார். அங்கே கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு விரைந்தன. பிள்ளைகள் ஓரத்தில் ஒதுங்கித் தவிக்க வேண்டியிருந்தது. நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை வேண்டும் என்று அவர் முயற்சி எடுத்தார். 1934இல் சுவிஸ் நடைப்பாதை அமைப்பு உருவானது. நாடு முழுவதும் ஒரே மாதிரி மஞ்சள் கைகாட்டிகள் நடப்பட்டன. 1979இல் மக்கள் வாக்களித்து, நடைப்பாதைகளை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். இன்று சுமார் 65,000 கிலோமீட்டர் பாதைகள் உள்ளன.

அந்தக் கைகாட்டிகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். மலையில் தூரத்தைச் சொல்லிப் பயனில்லை. ஏற்றம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். நிறமும் பேசும். வெறும் மஞ்சள் என்றால் எளிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் செங்குத்தும் குறுகலும் வரும் மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பனியும் பாறையும் உண்டு, பழகாதவர்கள் போகக் கூடாது.

இன்று திட்டமிடும் குடும்பங்களுக்கு

கைகாட்டியில் உள்ள நேரத்தில் ஓய்வு நேரம் சேராது. அது நிற்காமல் நடக்கும் பெரியவர்களின் கணக்கு. பூ பறிக்கவும், பசுவை வேடிக்கை பார்க்கவும், ஷூவில் புகுந்த கல்லைத் தட்டவும் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும். சில மணி நேரத்தில் ஏற வேண்டிய ரிகி மலையில் ஏற மூன்று நாள் ஆனதாக மார்க் ட்வைன் 1880இல் வெளிவந்த தன் நூலில் வேடிக்கையாக எழுதினார். பிள்ளைகளோடு போனவர்களுக்கு அது அவ்வளவு பெரிய பொய்யாகத் தோன்றாது!

ரிகியில் குடும்பங்களுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. ஏரிக்கரை விட்ஸ்நாவிலிருந்து ஏறினால் 1,350 மீட்டருக்கும் மேல் ஏற்றம். அது சின்னக் கால்களுக்கு அதிகம். பாதி மலையில் உள்ள கால்ட்பாட் வரை ரயிலில் போய், அங்கிருந்து நடந்தால் சுமார் 360 மீட்டர்தான். இறங்க மறுபடி ரயில். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் பிற்பகலில் இடி மழை வரும் என்பதால் சீக்கிரம் கிளம்புவது நல்லது. மேகம் கறுத்தால் உச்சிக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

மேட்டர்ஹார்னில் இறந்த நால்வரும் உச்சியைத் தொட்டவர்கள்தான். வீடு திரும்பும் வழியை முதலில் யோசித்துவிட்டு, அதன் பிறகு உச்சியை யோசிப்பதுதான் குடும்பத்தோடு மலையேறுவதன் முதல் பாடம்.