மறைப்பு

ஃபோட்டோஷாப்பில் படத்தின் ஓர் அடுக்கில் வேண்டிய பகுதியை மறைக்க உதவும் 'லேயர் மாஸ்க்'கைத் தமிழில் முகமூடி என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. மாஸ்க், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்; இத்தாலிய மொழியில் 'மாஸ்கெரா'. அங்கெல்லாம் முகத்தை மூடுவதுதான் பொருள். இங்கே முகம் ஏது? 'மறைப்பு' என்பதே பொருந்தும்.

மரத்துக்குப் பின்னால் ஒரு பசுவை நிறுத்த வேண்டுமா? பசு மேலடுக்கிலேயே இருக்கட்டும். அதன் மாஸ்க்கில், அடிமரம் வரும் இடத்தில் மட்டும் கறுப்பைத் தீட்டினால் பசுவின் வயிறு மறைந்து, கீழடுக்கின் மரம் தெரியும். பட்டையின் சொரசொரப்பான ஓரத்தில் தூரிகையைச் சிறிதாக்கிப் பொறுமையாகப் போக வேண்டும். சாம்பல் நிறம் அரைகுறையாக மறைக்கும். வெள்ளை தீட்டினால் பசு திரும்ப வந்துவிடும்.

'அழி' என்றால் போனது போனதுதான். 'மறை' அப்படியல்ல. சூரியன் மறைகிறது என்கிறோமே, அந்த மறைவு இது.