ஆற்றுப்படுத்துதல்

உளவியல் ஆலோசனைக்குத் தமிழில் வழங்கும் சொற்களுள் ஒன்று இது. ஆறுதல் தருவது என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். புண் ஆறுகிறது, காபி ஆறுகிறது, மனம்தான் ஆறவில்லை என்கிறோமே, அந்த 'ஆறு' வேறு. இங்கே இருப்பது வழி என்னும் பெயர்ச்சொல். வழிப்படுத்துதல் என்பதே பொருள். பத்துப்பாட்டில் 5 நூல்கள் ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்றவற்றில், பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வான். பட்டவன் காட்டும் வழி!

உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் இதை ஏற்பாரோ? 1940களில் அவர் வகுத்த முறையில் சிகிச்சையாளர் வழிகாட்டுவதில்லை. தீர்ப்புச் சொல்லாமல், வந்தவரை அப்படியே ஏற்றுக் காதுகொடுக்கிறார். எனக்கென்னவோ, பலர் தவறாகக் கொள்ளும் அந்த ஆறுதல்தான் அவருக்கு நெருக்கம்.