முளைப்பாரியும் மைக்ரோகிரீன்ஸும்

தட்டில் கடுகு, வெந்தயம் தூவி பத்து நாளில் வெட்டிச் சாப்பிடும் 'மைக்ரோகிரீன்ஸ்', 1980களில் கலிபோர்னியா உணவகங்களில் தொடங்கியது என்பார்கள். முளை வளர்ப்பது மட்டும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி திருமணத்திலேயே பெண்கள் பாலிகையும் முளைக்குடமும் ஏந்தி வருகிறார்கள். மாரியம்மன் திருவிழா முளைப்பாரியை அதன் தொடர்ச்சி எனலாம்.

மண்சட்டியில் வைக்கோல், காய்ந்த சாணத்தூள் பரப்பி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உருவாகாது. தண்டு நீண்டு வெளிர் மஞ்சளாக அடர்ந்து நிற்கும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் அந்தப் பளபளப்பு இதற்கு உதவாது. மெருகு பூசாத சுட்டமண்தான் மிச்ச ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். (பீங்கான் கிண்ணத்தில் முயற்சிப்பவர்கள் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்!)

முளை சரியாக வராவிட்டால் ஊருக்கு ஆகாது என்று பயப்படுவார்கள். மூடநம்பிக்கை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வீட்டு விதை முளைக்குமா என்று விதைப்புக்கு முன்பே காட்டிவிடும் சோதனையும் இதுதானே? முளைக்காத விதையை நம்பி ஆடிப்பட்டத்தில் இறங்கினால் ஒரு போகமே போச்சு.

இத்தனை கவனமாக வளர்த்ததை யாரும் சாப்பிடுவதில்லை. சுற்றிக் கும்மியடித்து, தலையில் சுமந்து போய் ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவார்கள்.